பாரும் பாரமும்

உலகிற் பெரும்பொறை தாங்கும் பொருள்கள் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாவதில்லை. மாளிகையின் மாடத்தை வியப்பார் பலர். மண்ணுள் மறைந்து கிடக்கும் அதன் கடைக்காலை நினைப்பார் சிலர். மோட்டார் வண்டிக்கும் இவ்வுண்மை பொருந்தும். அதன் நிறத்தையும் வடிவையும் விரைவையும் பாராட்டுவோர், அவை யாவற்றையும் தாங்கிக் கீழே கிடக்கும் அடிச்சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. பட்டறையினர் இதனைச் 'சேஸிஸ்' என்று வழங்குவர். பழைய வண்டி ஒன்றிற்கு இவ்வடிச்சட்டத்தைப் புதிதாக அளந்து கட்டுவது எவ்வாறு, கட்டுதல் எப்பொழுது தகும், எப்பொழுது தகாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயில்வார்க்கு இரும்புப் பட்டறையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக் கூடும். அவ்வேலை உண்டென்பது போகப்போக விளங்கும்.

வல்லக்கோட்டையிற் கண்டது

சென்ற கோடை விடுமுறையில் எம் வகுப்புத் தோழர் ஒருவருடைய பாட்டனாரைக் காண வல்லக்கோட்டைக்குச் சென்றிருந்தோம். முருகன் கோயிலாற் பெயர் பெற்ற அவ்வூர், இன்று திருப்பெரும்புதூரினின்று ஒரகடம் வரை பரந்து நிற்கும் தொழிற்சாலைகளின் நடுவே இருக்கின்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் வண்டி 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010ஆம் ஆண்டிலும், டைம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை 2012ஆம் ஆண்டிலும் திறக்கப்பெற்றன. ஏரியும் கழனியுமாக இருந்த நிலத்தில் இன்று இரவும் பகலும் வண்டிகள் பிறக்கின்றன.

இத்துணைப் புதுமைக்கும் இடையே, அப்பெரியவர் வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில் ஒரு பழைய வண்டி நின்றது. அஃது அவர் 1966ஆம் ஆண்டில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சில ஆண்டுகளாக ஓடாதிருந்த அதனை மீண்டும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும் என்பது எண்பத்தெட்டு அகவை நிரம்பிய அவருடைய ஆசை. உடற்பகுதியைக் கழற்றி மரக்கட்டைகளின்மேல் ஏற்றியிருந்தனர். கீழே அடிச்சட்டம் துருவேறிக் கிடந்தது. "இதை எறிந்துவிட்டுப் புதிய சட்டம் ஒன்று கட்டிவிடலாம்" என்றார் தோழரின் சிற்றப்பா. வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர், "முதலில் அளப்போம், ஐயா, பிறகு வெட்டுவோம்" என்றார். இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே நின்ற வழக்கே எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியது.

பார் என்னும் சொல்

அடிச்சட்டத்துக்குத் தமிழிற் சொல் உண்டா என்று தேடினோம். நெடுங்காலமாகவே உண்டு. அது 'பார்' என்பது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வாணிகரின் வண்டியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உறுப்புறுப்பாக வருணிக்கின்றார். ஆங்கு வண்டியின் பாருக்கு அவர் காட்டும் உவமை, கோட்டை வாயிலை அடைக்கும் கணையமரங்களைச் சேர்த்து வைத்தது போன்ற பருமை. நெடிய மரங்களை இணைத்து அவற்றின்மேற் பாரமேற்றும் அம்முறையே, பிற்காலத்து மோட்டார் வண்டியின் ஏணிச்சட்டத்துக்கும் அடிப்படையாகும். அப்பாட்டின் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அவனே புலவனுமாவான். புறநானூற்றின் 185ஆம் பாட்டில், உருளையையும் பாரையும் கோத்து இயக்கும் வண்டியை அரசாட்சிக்கு உவமையாக்கியவன் அவன். வல்லக்கோட்டை அத்தொண்டை நாட்டின் ஊர். வண்டி கட்டும் தொழில் இந்நிலத்துக்கு நேற்று வந்ததன்று என்பதற்கு இவ்விரு பாட்டுக்களும் சான்று.

வண்டி உறுப்பின் வலிக்கும் ஏற்றும் பாரத்துக்கும் உள்ள தொடர்பையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மயிற்பீலியேயாயினும் அளவு கடந்தால் அச்சு தாங்காது என்பதை வலியறிதலுக்கு எடுத்துக்காட்டாக வைத்தவர் வள்ளுவர். எனவே, பாரத்தின் அளவறிந்து பாரைக் கட்டுதலே இத்தொழிலின் முதற்பாடம்.

அடிச்சட்டத்தின் வகைகள்

மோட்டார் வண்டிகளின் அடிச்சட்டங்களை மூன்று பெருவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது ஏணிச்சட்டம். நெடுகக் கிடக்கும் இரண்டு எஃகு விட்டங்களைக் குறுக்குச் சட்டங்கள் பிணைத்து நிற்கும். 1908ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு 'டி' வண்டி இவ்வகையினது. இன்று ஒரகடத்தில் உருவாகும் லாரிகளும் இவ்வகையினவே. பெருஞ்சுமை ஏற்றுவதற்கு இஃது ஏற்றது. ஆயின் முறுக்குதலை எதிர்ப்பதில் வலி குறைந்தது.

இரண்டாவது முதுகெலும்புச் சட்டம். இதில் விட்டங்கள் வண்டியின் நடுவே நெருங்கி ஓடும். அவற்றினின்று விலாவெலும்பு போலப் பக்கக்கைகள் புறப்பட்டு உடற்பகுதியைத் தாங்கும். ஹெரால்டு இவ்வகையைச் சார்ந்தது.

மூன்றாவது ஓட்டுடல். நண்டுக்கும் ஆமைக்கும் ஓடே உறுதி தருவது போல, இதில் வண்டியின் உடலே சட்டமுமாகி நிற்கும். தனி அடிச்சட்டம் இல்லை. 1922ஆம் ஆண்டில் அறிமுகமான லான்சியா லாம்டா இம்முறைக்கு வழிகாட்டியது. நம் நாட்டு அம்பாசிடரும் மாருதி 800-உம் இவ்வகையினவே. இக்காலத்துச் சிறு கார்களும் பெரும்பாலும் இவ்வாறே அமைகின்றன.

ஓட்டுடல் பரவிவந்த காலத்தில் ஹெரால்டு ஏன் தனிச்சட்டம் கொண்டது என்னும் வினா எழுகின்றது. அதற்குக் காரணம் வாணிகப் போட்டி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடற்பகுதிகளைச் செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்னும் நிறுவனத்தை, போட்டியாளராகிய பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953ஆம் ஆண்டில் வாங்கிவிட்டது. முழு உடலை ஒருங்கே செய்து தருவார் இன்மையால், பல இடங்களிற் செய்த துண்டுகளைப் போல்ட்டு முடுக்கிப் பூட்டத்தக்க ஒரு சட்டம் வேண்டியதாயிற்று. இத்தாலிய ஓவியர் ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்த அவ்வண்டி 1959ஆம் ஆண்டில் டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரோடு வெளிவந்தது. முட்டுப்பாடு ஒன்று ஒரு நன்மைக்கு வழிகோலியது. துண்டுகளாக அனுப்பித் தொலைநாடுகளிற் பூட்டுவதற்கு இம்முறை மிகவும் ஏற்றதாயிற்று.

1948ஆம் ஆண்டில் அமைந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், வண்டலூர்ப் பக்கத்துத் தன் தொழிற்சாலையில் 1961ஆம் ஆண்டு முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரில் இதனை உருவாக்கியது. நான்கு கதவுடைய ஹெரால்டும், 1972ஆம் ஆண்டில் வந்த கெசலும் இங்கேயே தோன்றின; இங்கிலாந்தில் அவை இல்லை. அத்தொழிற்சாலை 1988ஆம் ஆண்டில் மூடப்பெற்றது. வண்டலூரினின்று வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஒரகடத்தின் வழியே செல்கின்றது. பழைய மோட்டார்த் தொழிலின் முடிவும் புதியதன் தொடக்கமும் ஒரே சாலையில் அமைந்தமை நினைக்கத்தக்கது.

தனிச்சட்டம் உடைய வண்டிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. உடலை மாற்றினும் சட்டம் நிற்கும். சட்டத்தை மாற்றினும் உடல் நிற்கும். ஹெரால்டின் 91½ அங்குல அச்சிடைத் தூரத்தை 83 அங்குலமாகக் குறுக்கி அமைத்த சட்டத்தின்மீதே 1962ஆம் ஆண்டின் ஸ்பிட்ஃபயர் வண்டி எழுந்தது.

அளந்து கட்டினோர்

ஒரு வண்டிக்கென்றே சட்டம் கட்டும் தொழில் இன்னும் அழிந்திலது. ராயல் என்ஃபீல்டின் இங்கிலாந்துத் தொழில் 1970ஆம் ஆண்டளவில் ஒடுங்கியபொழுது, எஞ்சிநின்ற எஞ்சின்களுக்கு ரிக்மன் உடன்பிறந்தார் தம்முடைய சட்டங்களைக் கட்டி உயிரளித்தனர். 1972ஆம் ஆண்டில் தோன்றிய ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்னும் சிறு பட்டறை, பந்தய மோட்டார் சைக்கிள்களுக்குச் சட்டம் கட்டிப் புகழ் பெற்றது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட கான்டினென்டல் ஜி.டி. வண்டியின் சட்டம் அப்பட்டறையின் துணையோடு அமைந்தது. 2015ஆம் ஆண்டில் அப்பட்டறையையே ராயல் என்ஃபீல்டு தன்னுடையதாக்கிக் கொண்டது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உள்ள அதன் தொழிற்சாலைகள் பெருந்தொகையில் வண்டிகளைச் செய்கின்றன. ஆயின் அவற்றின் பின்னே ஒரு சிறு பட்டறையின் கைத்திறமும் நிற்கின்றது.

நம் நாட்டில் இத்துறைக்கு முன்னோடி கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன். மாருதி 800 வண்டியின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டு அவர் ஒற்றையிருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டினார். ஃபார்முலா மாருதி எனப்பெற்ற அவ்வகை வண்டியிலேயே, பின்னர் 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்திற் கலந்துகொண்ட முதல் இந்தியராகிய நாராயண் கார்த்திகேயன், திருப்பெரும்புதூர்ப் பந்தயக் களத்தில் தம் பயணத்தைத் தொடங்கினார். கரிவர்தன் 1995ஆம் ஆண்டில் விமான விபத்தொன்றில் மறைந்தார். கோயம்புத்தூர்ப் பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சட்டத்தின் மேல் வரும் விசைகள்

அடிச்சட்டத்தை வருத்தும் விசைகள் பலவாயினும் இரண்டு தலைமையானவை: வளைத்தல், முறுக்குதல் என்பன.

முன் பின் உருளைகளுக்கிடையே ஆட்களும் எஞ்சினும் அமர்தலால் சட்டம் நடுவிற் தாழ முயல்வது வளைவு. மர அடிகோலைத் தட்டையாகப் பிடித்தால் எளிதில் வளைகின்றது. செங்குத்தாகப் பிடித்தால் வளைய மறுக்கின்றது. உயரமே உறுதி தருவது என்பதை இதனால் அறியலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். பக்கத்துக்கு 50 மில்லிமீட்டரும் தகட்டுக் கனம் 2 மில்லிமீட்டரும் உள்ள சதுர எஃகுக் குழாய், மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோகிராம் எடையுள்ளது. அகலத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் 100 மில்லிமீட்டராக்கினால் எடை ஏறத்தாழ 4.6 கிலோகிராம் ஆகின்றது. எடை ஒன்றரை மடங்கே மிகுகின்றது. வளைவை எதிர்க்கும் விறைப்போ ஐந்து மடங்குக்கு மேல் உயர்கின்றது.

முறுக்குதல் இதனினும் நுட்பமானது. கயிற்றுக்கட்டிலின் ஒரு காலை மட்டும் தூக்கினால் கட்டில் கோணுவதைக் கண்டிருக்கின்றோம். வண்டியின் ஓர் உருளை பள்ளத்தில் இறங்கும்பொழுது அடிச்சட்டமும் அவ்வாறே கோண முயல்கின்றது. கோணினால் கதவுகள் சரியே மூடா, கண்ணாடி விரியும், திருப்பிய வழியில் வண்டி செல்லாது. இதனைத் தடுப்பது மூடிய வடிவம். முழு மூங்கிலை முறுக்குதல் அரிது. அதனையே நெடுகப் பிளந்துவிட்டால் முறுக்குதல் எளிது. மேற்கூறிய 50 மில்லிமீட்டர்ச் சதுரக் குழாயை நெடுக ஒரு கோடாக அறுத்துத் திறந்துவிட்டால், முறுக்கை எதிர்க்கும் அதன் விறைப்பு நானூற்றில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைகின்றது. இரும்பு அப்படியே இருக்கின்றது, எடையும் குறையவில்லை, மூடிய தன்மை மட்டுமே போயிற்று. துருப்பிடித்த சட்டம் ஏன் அஞ்சத்தக்கது என்பது இதனால் விளங்கும். ஓரத்துப் பற்றவைப்பைத் துரு தின்றுவிட்டால், வெளிப்பார்வைக்கு முழுமையாகத் தோன்றும் குழாய் உண்மையிற் பிளந்த மூங்கிலே ஆகும்.

கட்டும் முறை

பழைய வண்டிக்குப் புதிய சட்டம் கட்டப் புகுவோர் கைக்கொள்ள வேண்டிய முறையை, அம்முதிய மெக்கானிக் எமக்கு உரைத்தவாறு ஈண்டுச் சுருக்கித் தருகின்றோம்.

முதலாவது, அளத்தல். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நடுக்கோடு ஒன்றைத் தரையில் வரைந்து, பழைய சட்டத்தின் ஒவ்வொரு பூட்டுத் துளையையும் தூக்குக்குண்டால் தரைக்கு இறக்கிக் குறிக்க வேண்டும். இரும்பின் ஓரம் தேய்ந்திருக்கும். போல்ட்டுத் துளையின் நடுவோ மாறாது. ஆகலின் அளவுகள் யாவும் துளையின் நடுவினின்றே தொடங்க வேண்டும்.

இரண்டாவது, தாங்கு சட்டம் அமைத்தல். இதனை 'ஜிக்' என்பர். புதிய துண்டுகள் அசையாதபடி பிடித்துக்கொள்ளும் வலிய மேடை இது. ஜிக்கின் நேர்மையே சட்டத்தின் நேர்மை.

மூன்றாவது, பற்றவைத்தல். வெப்பம் எஃகை நீட்டும். ஆறுங்கால் சுருக்கி இழுக்கும். ஹெரால்டின் அச்சிடைத் தூரமாகிய 2,324 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு, முழுதும் 100 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் நீள்கின்றது. ஒரு பக்கத்தையே தொடர்ந்து பற்றவைத்தால் சட்டம் அப்பக்கம் கோணும். ஆதலின் முதலில் ஆங்காங்குப் புள்ளிகளாக ஒட்டி, அளந்து பார்த்து, பின்னர் வலமும் இடமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக நிரப்ப வேண்டும்.

நான்காவது, சரிபார்த்தல். மூலைக்கு மூலை குறுக்கே அளந்த இரு மூலைவிட்டங்களும் ஒத்திருத்தல் வேண்டும். ஐந்தாவது, காத்தல். குழாய்க்குள் நீர் தேங்காதபடி வடிதுளை விட்டு, உட்புறத்துக்கும் துருத்தடுப்புப் பூச்சு இட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தைப் பூசுவதில் தொழிலாளியின் மனச்சான்று வெளிப்படும்.

எம் பிழையும் சட்டமன்ற விதியும்

மூலைவிட்டம் அளக்கும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. யாம் அளந்ததில் இரண்டுக்கும் 14 மில்லிமீட்டர் வேறுபாடு வந்தது. சட்டம் கோணிவிட்டது, புதிதே கட்ட வேண்டும் என்று சிற்றப்பா மகிழ்ந்தார். பெரியவர் ஒன்றும் சொல்லாது திண்ணையில் அமர்ந்துவிட்டார். மெக்கானிக் எம்மை நோக்கி, "தம்பி, எங்கிருந்து அளந்தீர்கள்?" என்றார். துரு தின்ற ஓரத்தினின்று அளந்திருந்தோம். துளை நடுவினின்று மீண்டும் அளந்தபொழுது வேறுபாடு 3 மில்லிமீட்டரே. நடு விட்டங்களைச் சுத்தியலால் தட்டினார், கணீரென்று ஒலித்தன. பக்கக்கைகள் மட்டுமே உளுத்திருந்தன. எம் அளவுப் பிழை ஒன்றினால், நல்ல சட்டம் ஒன்று பழைய இரும்புக் கடைக்குச் சென்றிருக்கும்.

இழப்பு இரும்பளவில் நின்றிராது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறுபட வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுதலைத் தடுக்கின்றது. 2019ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. மேலும், 2021ஆம் ஆண்டில் வந்த விதிகளின்படி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வண்டியாகப் பதிவு செய்யலாம். ஆயின் அதன் அடிச்சட்டமோ உடலோ எஞ்சினோ மாற்றியமைக்கப்படாமல் மூலவடிவில் இருத்தல் வேண்டும். ஆகவே, பந்தயக் களத்துக்கெனப் புதுச்சட்டம் கட்டுதல் வேறு. பொதுச் சாலையில் ஓடிய தொன்மை வண்டியின் சட்டத்தை மாற்றுதல் வேறு. முன்னது படைப்பு, பின்னது சில வேளைகளில் அழிப்பே ஆகும்.

இறுதியில் நடு விட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு, உளுத்த பக்கக்கைகளை மட்டும் பழைய வடிவிலேயே, பழைய துளைகளுக்கு ஒப்பச் செய்து பூட்டுவதென முடிவாயிற்று. புதுச்சட்டம் கட்டுவதற்குரிய அளவும் ஜிக்கும் பொறுமையும் ஒன்றும் குறையாமல் இதற்கும் வேண்டியிருந்தன. விடுமுறை முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, உடலில்லாத அச்சட்டத்தின்மேல் ஒரு முக்காலியை வைத்து, அதிற் பெரியவரை அமரச் செய்தனர். அவர் கைகள், இல்லாத சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தன.

முடிவுரை

அதியமானைப் புகழ்ந்த ஔவையார், புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஒரு தச்சனைக் காட்டுகின்றார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்லவன் அவன். அத்தகையவன் ஒரு திங்கள் முழுதும் உழைத்து ஒரே ஓர் உருளையைச் செய்தால் அஃது எத்தகையதாகும்! இதனை வகுப்பறையிற் படித்தபொழுது உயர்வுநவிற்சி என்று எண்ணி எழுதிக்கொண்டோம். வல்லக்கோட்டையிலே அதன் பொருள் விளங்கிற்று. ஒரகடத்துத் தொழிற்சாலைகள் நாளுக்கு எட்டன்று, எண்ணற்ற வண்டிகளைச் செய்கின்றன. அவை நாட்டுக்கு வேண்டும். அவற்றிற் பணிபுரியும் இளைஞர் பலர் ஒரு திருகை முடுக்குவதிலும் ஒரு கம்பியைப் பொருத்துவதிலும் கைதேர்ந்தவர். முழு வண்டியையும் மனத்திற் கொண்டு, ஒரு திங்கள் ஓர் உறுப்போடு உழலும் தச்சரோ குறைந்து வருகின்றனர். அம்மெக்கானிக்குக்கு மாணாக்கர் இல்லை.

எட்டுத் தேர் செய்யும் விரைவும் ஒரு திங்கட் பொறுமையும் ஒருவனிடத்தே அமைந்தமையே அத்தச்சனின் பெருமை. விரைவு இந்நிலத்துக்கு வந்துவிட்டது. பொறுமையைக் கற்பிக்க வல்லார் நம்மிடையே உள்ளபொழுதே அவரை நாடிக் கற்றல் நம் கடன். தொழிற்பள்ளியிற் பயிலும் நண்பர்கட்கு மட்டும் யாம் இதனைக் கூறவில்லை. நூல் பயில்வார்க்கும் இஃது ஒக்கும். தேய்ந்த ஓரத்தினின்று அளவாமல், மாறாத நடுவினின்று அளக்கக் கற்றதே எமக்கு அவ்விடுமுறையின் ஊதியம்.